படகில் வருகிறவருக்குப் போட்ட வீடியோ இல்லை அது: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வெளிநாடு பற்றியவை. எந்த நாட்டுக்கு எந்த விசா சுலபம் என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், அதற்கு நான் ஆள் இல்லை. ஆனால் சிலர் வேறொன்று கேட்டிருக்கிறார்கள்: புலம்பெயர்கிறவர்களைப் பற்றி அரசியல்வாதிகள் போனுக்குள் வந்து பேசுகிற பேச்சு எப்படி இவ்வளவு இலகுவாக எடுபடுகிறது என்று. இந்த முறை இடம் முழுக்க அவர்களுக்கே.

லண்டனில் இருக்கிற மச்சான் தினமும் அங்குள்ள அரசியல்வாதிகளின் வீடியோ அனுப்புகிறார். அவரே ஒரு காலத்தில் ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போய் இறங்கியவர்தான். இப்போது 'படகுகளை நிறுத்த வேண்டும்' என்கிறார். ஒரு கோஷம் ஆளை இப்படி மாற்றுமா?
(உப்புவெளி வாசகர்)

கோஷம் மாற்றியிருக்காது. மாறுவதற்கு ரெடியாக இருந்த நேரத்தில் கோஷம் கையில் கிடைத்திருக்கும். ஆங்கிலத்தில் மூன்றே சொல்லில் வருகிற அந்த வாசகம் பிரித்தானியாவின் சொந்தச் சரக்கும் இல்லை. 2013 தேர்தலில் அவுஸ்திரேலியாவில் டோனி அபொட் அதைச் சொல்லிக்கொண்டே ஆட்சிக்கு வந்தார். பத்து வருஷம் கழித்து, 2023 ஜனவரியில், அப்போதைய பிரித்தானியப் பிரதமர் ரிஷி சுனக் தன் ஐந்து வாக்குறுதிகளில் ஒன்றாக அதை எடுத்துக்கொண்டு, பிறகு பேசுகிற மேசையின் முகப்பிலேயே எழுதி ஒட்டிக்கொண்டார். அதில் ஒரு வசதி இருக்கிறது பாருங்கள், வீடியோவை எந்த இடத்தில் வெட்டினாலும், பஸ்ஸில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தாலும், அந்த வாசகம் மட்டும் படத்தை விட்டுப் போகாது.

அந்த வாசகத்துக்குள் ஆளே இல்லை. நிறுத்தப்போவது படகை. உள்ளே ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தாலும் அவரை நிறுத்துவதாக யாரும் சொல்லவில்லை, ஆகவே கேட்கிறவருக்கு மனம் உறுத்தாது. மச்சானுக்கும் தன் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய சங்கடம் இல்லை, அவர் போய் இறங்கியது விமானத்தில் அல்லவா.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 2022 இல் சிறு படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்தவர்கள் 45,700 பேர் அளவில். 2023 ஜூனுடன் முடிந்த ஒரு வருஷத்தில், பிரித்தானியாவுக்கு வந்தவர்களில் இருந்து போனவர்களைக் கழித்தால் மிஞ்சுகிற தொகை, பின்னால் திருத்திப் பார்த்தபோது, 9 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதாவது பெரும்பாலானவர்கள் படிப்புக்கும் வேலைக்கும் முறையாக விசா வாங்கி, விமான நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டு உள்ளே போனவர்கள். அந்த விசாக்களில் ஒன்று முதியோர் பராமரிப்பு வேலைக்கானது, அந்தக் கதவை 2022 பெப்ரவரியில் திறந்துவிட்டதே சுனக்கின் கட்சி நடத்திய அரசாங்கம்தான். அதை நம்பி ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை வகுப்புக்குப் போன பிள்ளைகள் உங்கள் ஒழுங்கையிலும் இருப்பார்கள். ஆனால் விசா வரிசையைப் படம் எடுத்துப் போட்டால் யார் பார்ப்பது? ரப்பர் படகு என்றால் பார்ப்பார்கள். அதனால் 9 லட்சத்தைப் பற்றிய கோபம் முழுவதும் 45 ஆயிரத்தின் மேல் போய் விழுகிறது, திறந்துவிட்டவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கிறேன். ஒப்படைக்காக, இந்தப் பேச்சுகளில் உள்ள உத்திகளைப் பட்டியலாகத் தர முடியுமா?
(மூதூர் மாணவி)

பட்டியல் தரமாட்டேன் தங்கச்சி, பத்து உத்தியின் பெயரை எழுதிவிட்டு அதோடு மூடிவைத்துவிடுவீர்கள். ஒரே ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்று ஒரு ஊர், சுமார் 60 ஆயிரம் சனம். ஹெய்ட்டி நாட்டவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்கு வந்து குடியேறியிருந்தார்கள், பெரும்பாலும் சட்டப்படி தங்க அனுமதி உள்ளவர்கள். 2024 செப்டெம்பரில், அவர்கள் ஊராரின் பூனை நாயைப் பிடித்துத் தின்கிறார்கள் என்று ஒரு கதை இணையத்தில் கிளம்பியது. செப்டெம்பர் 9 ஆம் திகதி, அப்போது துணை ஜனாதிபதி வேட்பாளராக இருந்த ஜே.டி. வான்ஸ் அதைத் தன் கணக்கில் போட்டார். அதே நாளில் அவர் கட்சியின் நாடாளுமன்றக் குழுக் கணக்கு ஒன்று, ட்ரம்ப் ஒரு வாத்தையும் பூனைக்குட்டியையும் அணைத்துப் பிடித்திருப்பதாகச் செயற்கை நுண்ணறிவில் செய்த படத்தைப் போட்டது. மறுநாள் இரவு, கோடிக்கணக்கானவர்கள் பார்த்த விவாத மேடையில் ட்ரம்ப் அதையே உண்மை என்று சொன்னார். நகர நிர்வாகமோ நம்பகமான முறைப்பாடு ஒன்றுகூட வரவில்லை என்றது. அடுத்தடுத்த நாட்களில் அந்த ஊருக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்து பாடசாலைகளை மூடவேண்டியதாயிற்று.

இப்போது அதைப் பிரித்துப் பாருங்கள். குற்றம் சாட்டவில்லை, 'இப்படிச் சொல்லப்படுகிறது' என்று ஆரம்பித்தார்கள், யார் சொன்னது என்று கேட்டால் ஆள் இல்லை. கொள்கை எதையும் பேசவில்லை, பூனையைப் பேசினார்கள், ஏனென்றால் வீட்டு வாடகை ஏறியதையும் ஆஸ்பத்திரியில் வரிசை நீண்டதையும் (இரண்டும் அந்த ஊரில் உண்மையாகவே இருந்த கஷ்டங்கள்) பேசினால் தீர்வு என்ன என்று கேள்வி வரும். பூனைக்குத் தீர்வு கேட்க மாட்டார்கள். படத்தைப் பகிடி மாதிரியே போட்டார்கள், யாராவது பிழை என்றால் 'ஜோக் கூட விளங்காதா' என்று திருப்பிக் கேட்கலாம், விளங்கினவன் நம்பிக்கொண்டு போகட்டும். அப்புறம் செப்டெம்பர் 15 ஆம் திகதி தொலைக்காட்சியில் மடக்கிக் கேட்டபோது வான்ஸ் சொன்னது எல்லாவற்றையும் விட முக்கியம்: அமெரிக்க மக்கள் படுகிற கஷ்டத்தை ஊடகங்கள் கவனிக்க வேண்டும் என்றால் தான் கதைகளை உருவாக்கத்தான் செய்வேன் என்ற பொருளில் பேசினார். பிறகு, தொகுதி மக்கள் சொன்னதைத்தான் சொன்னேன் என்று அதற்கு விளக்கமும் கொடுத்தார். இரண்டையும் ஒப்படையில் எழுதுங்கள்.

இன்னொன்று, 'எனக்கு அவர்கள் மேல் எந்த வெறுப்பும் இல்லை, ஆனால்...' என்று தொடங்குகிற பேச்சு. நெதர்லாந்து மொழியியல் அறிஞர் டோய்ன் வான் டைக் இந்த வகை மறுப்புகளை 1980 களில் இருந்தே ஆராய்ந்தவர். 'ஆனால்' வரைக்கும் பேசுகிறவரின் நல்ல பெயருக்கு, அதற்குப் பிறகு வருவதுதான் சரக்கு.

இணையம் இதற்கு என்ன செய்கிறது என்று கேட்டால் இரண்டு தகவல் போதும். அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம், பருவநிலை போன்ற விஷயங்கள் பற்றிய ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளை 2017 இல் ஆராய்ந்தபோது, அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்று கூடக்கூடப் பதிவு பரவுவது சுமார் 20 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். பேஸ்புக் அதே வருஷத்தில் இருந்து, கோப முகம் உள்ளிட்ட முகக்குறிகளுக்கு ஒரு சாதாரண லைக்கைப் போல ஐந்து மடங்கு கனம் கொடுத்து எதை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானித்து வந்தது 2021 இல் வெளிவந்த அவர்களுடைய உள் ஆவணங்களில் தெரியவந்தது, கோப முகத்தின் கனத்தைப் பிற்பாடு எடுத்துவிட்டார்கள். அரசியல்வாதிக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தெரியவேண்டாம். எந்தப் பதிவுக்குச் சனம் சேர்ந்தது என்று பார்த்தால் போதும், அடுத்த பதிவு தானாகவே சூடாக வரும்.

அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வராதே என்று அந்த அரசாங்கம் தமிழிலேயே விளம்பரம் செய்தது. எங்கள் கடலோரத்துப் பெடியளைப் பயமுறுத்தத்தானே?
(திருக்கடலூர் மீனவர்)

2014 விளம்பரத்தைச் சொல்கிறீர்கள் அண்ணை. கொந்தளிக்கிற கடலில் ஒரு சின்னப் படகு, மேலே பெரிய எழுத்தில் 'முடியவே முடியாது', கீழே அவுஸ்திரேலியா உங்களுக்கு வீடாகாது என்று. தமிழ், சிங்களம் உட்படப் பல மொழிகளில் வந்தது. பயமுறுத்தத்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த விளம்பரம் ஆங்கிலத்திலும் வந்து, அந்த நாட்டு வாக்காளரும் பார்த்தார். அரசாங்கம் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று அவருக்கும் தெரிந்தால்தானே பிரயோசனம். ஒரே வசனம், இரண்டு காது. இந்தப் பேச்சுகள் எதைக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்: இது யாரைப் பற்றியது என்பதை விட, யார் கேட்பதற்காகச் சொன்னது என்று.

இதற்கு 2022 மே 21 ஐ விடப் பச்சையான உதாரணம் கிடையாது. அன்று அவுஸ்திரேலியாவில் பொதுத் தேர்தல். இங்கே பெற்றோலுக்கும் காஸுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம், கிழக்குக் கரையில் இருந்தும் மேற்குக் கரையில் இருந்தும் ரோலர்கள் ஏறிப் போய்க்கொண்டிருந்த காலம், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் இருந்து போன ஒரு படகைக் கிறிஸ்மஸ் தீவுப் பக்கம் மறித்தார்கள். வாக்களிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பிரதமர் ஸ்கொட் மொரிசன் செய்தியாளர் முன் அதை உறுதிப்படுத்தினார், அவருடைய லிபரல் கட்சி வாக்காளர்களின் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. சட்டவிரோதப் படகு ஒன்று மறிக்கப்பட்டிருக்கிறது, எல்லை பாதுகாப்பாக இருக்க இன்று லிபரலுக்கு வாக்களியுங்கள் என்று.

இதே மொரிசன்தான் 2013 இலும் 2014 இலும் குடிவரவு அமைச்சராக இருந்தபோது, படகு வந்ததா இல்லையா என்று பத்திரிகைக்காரர்கள் எத்தனை தரம் கேட்டாலும் கடலில் நடக்கிற விஷயங்களைப் பற்றிப் பேசமாட்டோம் என்று வாயை மூடிக்கொண்டவர். பாதுகாப்பு இரகசியம் என்றார். எட்டு வருஷம் கழித்து, வாக்குப் பெட்டி திறந்திருந்த நாளில், அந்த இரகசியம் குறுஞ்செய்தியாகப் போனது. அறிவிப்பை அவசரமாக வெளியிடச் சொல்லி அரசாங்கத் தரப்பில் இருந்து அதிகாரிகளுக்கு வந்த நெருக்குதல் பிறகு நடந்த விசாரணையில் பதிவாகியிருக்கிறது. தேர்தலில் அவர் தோற்றார், அது வேறு கதை. அந்தப் படகில் இருந்தவர்களுக்குத் தாங்கள் ஒரு வாக்குச் செய்தியாகப் போனது அப்போது தெரிந்திருக்கவே வழியில்லை.

எல்லாம் வெள்ளைக்காரன் செய்வதாகவே எழுதுகிறீர்கள். ரோஹிங்கியா மக்கள் இங்கே வந்தபோது நம்முடைய ஆட்கள் பேசியது என்ன?
(கிண்ணியா வாசகர்)

நியாயம். 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் கரை ஒதுங்கிய நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கடற்படை நம்முடைய திருகோணமலைத் துறைமுகத்துக்குத்தான் கொண்டுவந்தது. ஜமாலியா பாடசாலையில் தங்கவைத்தார்கள், ஊரார் சாப்பாடும் உடுப்பும் கொண்டு போனார்கள், கிண்ணியாவில் இருந்தும் போனார்கள் என்றால் நான் ஆச்சரியப்படமாட்டேன். அதே நேரம் முகநூலில் வேறொரு பேச்சு ஓடியது: இவர்களை விட்டால் இன்னும் லட்சக்கணக்கில் வருவார்கள். பின்னால் வரக்கூடியவர்களின் தொகையைச் சொல்லிச் சொல்லியே முன்னால் பசியோடு நிற்கிற நூறு பேரைக் கண்ணில் இருந்து மறைக்கிற வேலை. அதற்கு முன்பும் நடந்திருக்கிறது, 2017 செப்டெம்பரில் கல்கிசையில் ஐ.நா. பாதுகாப்பில் தங்கியிருந்த 31 ரோஹிங்கியர்களின் வீட்டை, பிக்குகள் முன்னால் நிற்க ஒரு கூட்டம் முற்றுகையிட்டது. அந்த 31 பேரில் குழந்தைகளும் இருந்தார்கள், கூட்டம் கத்தியது 'பயங்கரவாதிகள்' என்று.

தமிழர் பக்கத்துக்கும் வருகிறேன், தப்பமாட்டேன். 'கள்ளத்தோணி' என்று மலையகத்து மக்களைத் திட்டியது சிங்கள அரசியல்வாதி மட்டும் இல்லை, நம்முடைய விறாந்தைகளிலும் அந்தச் சொல் சரளமாகப் புழங்கியது. 1948 குடியுரிமைச் சட்டம் வந்தபோது நாடற்றவர்களாகிப்போன அவர்களுக்காக எல்லாத் தமிழ்த் தலைவர்களும் எழுந்து நிற்கவில்லை. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம், மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்டர்நெட் இல்லாமலே நடந்தது இது. இணையம் கண்டுபிடித்த வியாதி என்று இதை நினைத்துவிடாதீர்கள்.

குவைத்தில் வேலை செய்து வந்தவள். எங்களை 'நாட்டின் வீரர்கள்' என்கிறார்கள். நல்ல பேச்சும் ஏமாற்றுத்தானா?
(தம்பலகாமம் வாசகி)

ஏமாற்று என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன் அக்கா. 2024 இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் சுமார் 6.5 பில்லியன் டொலர், அதைப் பாராட்டாமல் எதைப் பாராட்டுவது. ஆனால் மாலை எப்போது விழுகிறது என்று பாருங்கள். 2021 கடைசியில் டொலர் தட்டுப்பாடு வந்தபோது, வங்கி வழியாக அனுப்பும் டொலருக்கு மத்திய வங்கி பத்து ரூபாய் மேலதிகமாகக் கொடுத்தது, வீரர்கள் என்ற பேச்சும் கூடவே பலத்தது. அதே பெண்களைப் பற்றி 2013 இல் என்ன பேசினார்கள்? ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள், பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற தாய் என்று குற்றவாளியாக நிறுத்தினார்கள். தகப்பன் போனால் அப்படி அறிக்கை கிடையாது. 2022 இல் நாடு வங்குரோத்தானதும் அந்த ஐந்து வயது இரண்டு வயதாகக் குறைந்தது. பிள்ளைகளுக்குத் தாயின் தேவை அந்த வருஷம் திடீரென்று குறைந்துவிடவில்லை, டொலரின் தேவை கூடிவிட்டது. வீரர் என்று சொல்கிறவரிடம் அடுத்த தடவை, சம்பளம் தராத முதலாளிக்கு எதிராகத் தூதரகம் எத்தனை நாளில் நடவடிக்கை எடுக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டு முகாமில் என் அக்கா குடும்பம் 1990 இல் இருந்து இருக்கிறது. இந்தியாவில் தலைவர்கள் பேசுவதில் எதை நம்புவது?
(நிலாவெளி வாசகர்)

பேச்சை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பாருங்கள். பங்களாதேஷில் இருந்து ஊடுருவியவர்களை அமித் ஷா கரையான் என்றார், அது கடும் பேச்சு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் துன்பப்பட்ட அயல்நாட்டவருக்கு அடைக்கலம் என்று உருக்கமாகப் பேசியது, அது மென் பேச்சு, ஆனால் அதில் இருப்பது பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றும்தான், இலங்கை இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் ஸ்டாலின் அகதிகள் முகாமை இனி மறுவாழ்வு முகாம் என்று அழைப்போம் என்றார், வீடுகளும் கட்டிக் கொடுத்தார்கள், கேட்க ஆறுதலாக இருந்தது. குடியுரிமை கொடுக்கிற அதிகாரம் மாநிலத்துக்குக் கிடையாது. உங்கள் அக்காவின் பேரப்பிள்ளை அந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும் எந்தக் கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் நாளைக்குக் கைகொடுக்கும்.

ஒரு நாடு தன் எல்லையைக் காப்பது பிழையா? கட்டுப்பாடு வேண்டும் என்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் போல எழுதுவதும் ஒரு பிரசாரம் இல்லையா?
(உவர்மலை, ஓய்வுபெற்ற ஆசிரியை)

பிழையில்லை ரீச்சர். வருஷத்துக்கு இத்தனை பேர்தான், இன்ன வேலைக்குத்தான், அதற்கு இன்ன காரணம் என்று ஒருவர் எழுந்து சொன்னால் அதை எதிர்த்து வாதாடலாம், சில நேரம் ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். வாடகை ஏறுகிறது, பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று முறையிடுகிறவரை இனவாதி என்று ஒரு சொல்லில் வாயடைப்பதும் மோசமான பேச்சுத்தான், அந்தக் கோபத்தை அப்படியே எதிர்த் தரப்பின் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அது. குடியேறிகளுக்கு ஆதரவானவர்களும் கண்ணீர்ப் படத்தை வைத்து வாதத்தை முடித்துவிடப் பார்ப்பது உண்டு. 2015 செப்டெம்பரில் துருக்கிக் கடற்கரையில் இறந்து கிடந்த சிரியக் குழந்தையின் படம் உலகத்தையே உலுக்கியது, தலைவர்கள் போட்டி போட்டு அனுதாபம் சொன்னார்கள், அடுத்த மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியோடு ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டது.

நான் பிழை என்று சொல்வது படத்தையும் சொல்லையும் ஆள்மாறாட்டம் செய்வதை. 2016 ஜூனில், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து விலகும் வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னதாக, விலகலுக்காகப் பிரசாரம் செய்த அரசியல்வாதி நைஜல் ஃபராஜ் ஒரு பெரிய பதாகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார், நீளமான மனித வரிசை, உடையும் கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்ற வாசகம். அந்த வரிசை 2015 இல் ஸ்லொவேனியாவில் எடுத்தது, அகதிகள் ஒரு எல்லையைக் கடக்கிற படம், பிரித்தானியாவில் எடுத்ததே இல்லை. திருத்திக்கொள்கிறவர்களும் இல்லாமல் இல்லை. பிரித்தானியப் பிரதமர் பதவியில் இருந்துகொண்டு கியர் ஸ்டார்மர் 2025 மேயில், அந்நியர்களின் தீவாக நாடு மாறிவிடும் ஆபத்து என்று பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார், அடுத்த மாதமே அதைச் சொன்னதற்கு வருந்துவதாகச் சொன்னார். பேச்சு பரவிய தூரத்துக்கு வருத்தம் பரவியதா என்றால், உங்களுக்கு எது முதலில் வாட்ஸ்அப்பில் வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பக் குழுவில் சித்தப்பா இப்படி வீடியோ போடுகிறார். எதிர்த்து எழுதினால் சண்டை வருகிறது. என்ன செய்ய?
(சாம்பல்தீவு வாசகர்)

குழுவுக்குள் எழுதாதீர்கள், எல்லாருக்கும் முன்னால் பிழை என்று சொன்னால் எந்தச் சித்தப்பாவும் ஒத்துக்கொள்ள மாட்டார். தனியாக எடுத்து, இந்த வீடியோ எந்த வருஷத்தது, எந்த ஊரில் எடுத்தது, அந்த மாதம் அங்கே தேர்தல் ஏதும் இருந்ததா என்று மூன்றே கேள்வி கேளுங்கள். அவர் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றால் நல்லது. சொல்லாமலே அடுத்த வீடியோ போட்டால், அந்தக் குழுவைச் சத்தம் வராமல் அணைத்து வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, எட்டு மணித்தியாலம், ஒரு கிழமை, நிரந்தரம் என்று மூன்று அளவில். கலியாண வீட்டில் கண்டால் மட்டும் வழமைபோலக் கதையுங்கள்.